இடைநிலை மேலாளர்களுக்கான தலைமைப் பயிற்சித் தொகுப்பு: பங்கேற்ற ஒருவரின் மதிப்புரை

தலைமைப் பண்பு, புத்தாக்கம், குழு மேலாண்மை ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கட்டி, இடைநிலை மேலாளர்களுக்கென்று பல மாதங்கள் நீளும் பயிற்சித் தொகுப்பாக விற்கும் நிறுவனங்கள் இன்று ஏராளம். அத்தகைய தொகுப்பு ஒன்றை எங்கள் நிறுவனம் வாங்கி, துறைக்குச் சிலர் வீதம் எங்களை அனுப்பிவைத்தது. தொடக்க அமர்விலிருந்து இறுதி அமர்வு வரை அதில் பங்கேற்றவர்களில் ஒருவர் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பயிற்சி நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நான் சொல்லவிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல, இந்த வகைச் சேவை வடிவமைக்கப்படும் விதத்திலேயே ஊறியிருப்பவை. விற்பவரின் பெயர் மாறினாலும் பாடத்திட்டம் பெரிதாக மாறுவதில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கசப்பான செய்தியை மேலிடத்துக்குக் கொண்டுசெல்வது, அது கீழிருந்து வரும்போது காது கொடுத்துக் கேட்பது ஆகியவை பற்றிய அமர்வுகள் மிக நன்றாக இருந்தன. அவற்றுக்காக மட்டுமே இந்தப் பயிற்சியைப் பரிந்துரைக்கலாம். புத்தாக்கம் என்ற தலைப்பில் நடந்தவை பெரும்பாலும் பொழுதுபோக்கு. ஆனால் இவ்விரண்டையும் விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு: பயிற்சி பெற்றவர்களிடம் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவர்கள் பயிற்சி அறையில் இல்லை. தொகுப்பின் ஒவ்வொரு பகுதியும் கடைசியில் இந்த ஒரு கோளாறில் வந்துதான் முட்டிக்கொண்டது.

அமைப்பு வழக்கமானதுதான். தொடக்கத்தில் 360 டிகிரி பின்னூட்டமும் ஆளுமைச் சோதனையும். அதன் பிறகு மாதந்தோறும் வகுப்பறை அமர்வுகள். இடையில் புத்தாக்கப் பயிலரங்கு. ஒவ்வொருவருக்கும் தனிப்பட்ட வழிகாட்டி ஒருவருடன் காணொலி உரையாடல்கள். குழுவாகச் செய்ய வேண்டிய புராஜெக்ட் ஒன்று. இறுதியில் மேல்மட்ட நிர்வாகத்தின் முன் அதை விளக்கிக் காட்டுதல்.

360 டிகிரி பின்னூட்டத்தில் மேலதிகாரி, சக மேலாளர்கள், நமக்குக் கீழே பணிபுரிவோர் என அனைவரும் ஒரு கேள்வித்தாளை நிரப்ப, அதன் விளைவு வண்ண வரைபடங்களோடு ஓர் அறிக்கையாகக் கைக்கு வருகிறது. கருத்துச் சொன்னவர் யாரென்று தெரியாது என்று உறுதியளிக்கிறார்கள். ஆனால் நான்கைந்து பேர் கொண்ட குழுவில், வாக்கிய அமைப்பைப் பார்த்தே எழுதியவர் யாரென்று எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். என் பக்கத்து இருக்கையில் இருந்தவர் அறிக்கையைத் திறந்ததும் செய்த முதல் வேலையே அதுதான். குறையைப் படித்தார், அதை எழுதியவரின் பெயரைத் தாமே மெல்லச் சொல்லிக்கொண்டார், பக்கத்தைத் திருப்பினார். அந்தக் குறை சரியா தவறா என்ற கேள்விக்கு அவர் போகவே இல்லை.

பின்னூட்டம் கொடுத்தாலே செயல்திறன் உயரும் என்ற நம்பிக்கை இந்தத் துறையில் பலமாக இருக்கிறது. அவ்ரஹாம் குளூகர், ஆஞ்சலோ டெனிசி ஆகிய இரு ஆய்வாளர்கள் 1996ஆம் ஆண்டில் அதுவரை வெளிவந்திருந்த ஆய்வுகளிலிருந்து 600க்கும் மேற்பட்ட அளவீடுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சராசரியாகப் பின்னூட்டம் பயன் தந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது தெரிந்தது. கவனம் செய்யும் வேலையிலிருந்து விலகி, செய்பவர் எப்படிப்பட்டவர் என்பதன் மீது திரும்பும்போது பின்னூட்டம் பலனிழக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். எங்கள் அறிக்கையோ முழுக்க முழுக்க அந்த இரண்டாவது வகை. “மூலோபாயச் சிந்தனை: சராசரிக்குக் கீழே” என்றிருந்தால் மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போய் ஒருவர் எதை மாற்றிச் செய்வார்?

இந்தப் பகுதியைக் காப்பாற்றியவர்கள் தனிப்பட்ட வழிகாட்டிகள்தாம். எனக்கு வாய்த்தவர் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, அதில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, குழுவினரிடமே நேரடியாகக் கேட்கச் சொன்னார்: வாரக் கூட்டத்தில் நான் செய்யும் எந்தச் செயலை நிறுத்தினால் உங்கள் வேலை எளிதாகும்? வரைபடங்கள் சொல்லாததை அந்தக் கேள்விக்கு வந்த பதில்கள் சொல்லின. வேலையைப் பிரித்துக் கொடுத்த பிறகு அதன் நடுவிலேயே முன்னுரிமையை மாற்றுகிறேன் என்று மூவர் தனித்தனியாகக் கூறினார்கள். திருத்திக்கொள்ளக்கூடிய குறை அது. வழிகாட்டியின் நேரத்தை இரட்டிப்பாக்கி, அறிக்கையையே நீக்கிவிட்டாலும் இந்தத் தொகுப்பு எதையும் இழக்காது.

ஆளுமைச் சோதனையைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. மனிதர்களை நான்கு வண்ணங்களாகப் பிரித்து, யார் எந்த வண்ணம் என்று அட்டை கொடுத்தார்கள். எல்லோருக்கும் பிடித்திருந்தது, ராசிபலன் படிப்பதும் எல்லோருக்கும் பிடிக்கும். அடுத்து வந்த வாரங்களில் “அவர் சிவப்பு, அப்படித்தான் பேசுவார்” என்று ஒருவருடைய முரட்டுத்தனத்துக்கு நியாயம் கற்பிக்க அந்த அட்டை பயன்பட்டதே தவிர, வேறு பயன் எதையும் நான் காணவில்லை.

இனி நன்றாக இருந்த பகுதிக்கு வருகிறேன். கசப்பான செய்தியைக் கையாள்வது பற்றிய அமர்வைப் பயிற்றுநர் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் கதையிலிருந்து தொடங்கினார். 1986 ஜனவரி 28 அன்று ஏவப்பட்ட 73 விநாடிகளில் அந்த ஓடம் சிதறி, அதில் இருந்த 7 பேரும் உயிரிழந்தனர் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. பயிற்றுநர் அந்த விபத்தை விட்டுவிட்டு அதற்கு முந்தைய இரவில் நடந்த தொலைபேசிக் கூட்டத்தைக் கையில் எடுத்தார். உந்துகலன்களைத் தயாரித்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், குளிரில் ரப்பர் வளையங்கள் விறைத்துப்போய் வாயுக் கசிவைத் தடுக்கத் தவறலாம் என்று அஞ்சினார்கள்; ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று பரிந்துரைத்தார்கள். நாசா அதிகாரிகள் அதைக் கடுமையாக எதிர்த்தனர். தயோகால் தரப்பு, தங்களுக்குள் பேசிக்கொள்ள ஐந்து நிமிடம் கேட்டு இணைப்பைத் துண்டித்தது. அந்த ஐந்து நிமிடம் அரை மணி நேரமாக நீண்டது. அப்போதுதான் மூத்த அதிகாரி ஒருவர், பொறியியல் பிரிவின் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகித் தொப்பியை அணிந்துகொள்ளச் சொன்னார். இறுதி முடிவை நான்கு மேலாளர்கள் எடுத்தார்கள். அதே அறையில் உட்கார்ந்திருந்த பொறியாளர்களிடம் அந்த முடிவின்போது கருத்துக் கேட்கப்படவில்லை.

இந்தக் கதையை வீரப் பொறியாளர்களுக்கும் பேராசை பிடித்த மேலாளர்களுக்கும் இடையே நடந்த மோதலாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. எங்கள் பயிற்றுநர் அப்படிச் செய்யவில்லை. பொறியாளர்கள் அன்று காட்டிய தரவு முழுமையானதாக இல்லை, அவசர அவசரமாகத் தயாரிக்கப்பட்டது என்பதையும் சொன்னார். பிறகு அவர் கவனப்படுத்திய விஷயம்தான் முக்கியமானது: வழக்கமாக, ஏவுவது பாதுகாப்பானது என்பதை நிரூபிக்க வேண்டும், அன்றிரவு மட்டும், ஏவுவது ஆபத்தானது என்பதை நிரூபிக்கச் சொன்னார்கள். நிரூபிக்கும் பொறுப்பு இப்படிச் சத்தமின்றி இடம் மாறியதை அந்தக் கூட்டத்தில் எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. உங்கள் கூட்டங்களில் இது கடைசியாக எப்போது நடந்தது என்று எழுதச் சொன்னபோது, அறையில் எவருடைய தாளும் வெறுமையாக இல்லை.

அதைத் தொடர்ந்து வந்த நடிப்புப் பயிற்சி இந்தத் தொகுப்பின் உச்சம். திட்டம் குறித்த தேதியில் முடியாது என்பதை ஒரு மேலாளர் தம் துறைத் தலைவரிடம் சொல்ல வேண்டும். துறைத் தலைவராகப் பயிற்றுநரே நடித்தார். முதலில் எழுந்தவர் “கொஞ்சம் சவாலா இருக்கு சார், ஆனா சமாளிச்சிடலாம்” என்று தொடங்கினார். பயிற்றுநர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே “நல்லது, சமாளிங்க” என்றார். அத்தோடு காட்சி முடிந்துவிட்டது. அறையே சிரித்தது, ஆனால் அந்தச் சிரிப்பில் எல்லோருக்கும் பங்கு இருந்தது. அடுத்தவர் சற்றுத் துணிந்து பிரச்சினையை விளக்கத் தொடங்கியதும், “பிரச்சினையைத் தூக்கிட்டு வராதீங்க, தீர்வோட வாங்க” என்று பதில் வந்தது.

இந்த ஒரு வாக்கியத்தின் மீது ஏறக்குறைய ஒரு மணி நேரம் செலவிட்டார்கள். வீண் என்று சொல்ல மாட்டேன். பொறுப்புணர்வைத் தூண்டுவதாக நினைத்துத்தான் மேலாளர்கள் இதைச் சொல்கிறார்கள். ஆனால் தீர்வு தெரிந்த பிரச்சினைகள் மட்டும் மேலே வந்தால் போதும் என்பதே இதன் நடைமுறைப் பொருள்; தீர்வு தெரியாதவைதான் மேலிடத்தின் உதவி உடனடியாகத் தேவைப்படுபவை. பயிற்றுநர் மாற்றாகக் கற்பித்த வடிவம் எளிமையானது: நிகழப்போவது என்ன, எவ்வளவு உறுதியாகத் தெரியும், எப்போதுக்குள் முடிவு தேவை, என்ன உதவி வேண்டும் என்ற வரிசையில், மென்மையான முன்னுரை ஏதுமின்றிச் சொல்வது. “தேதி மூன்று வாரம் தள்ளிப்போகும், இது ஏறக்குறைய உறுதி, எந்த அம்சத்தை விடலாம் என்று வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் முடிவு செய்தால் ஒரு வாரத்தை மீட்கலாம்” என்று ஒருவர் சொல்லி முடித்தபோது, பயிற்றுநர் முதன்முறையாகக் கைப்பேசியைக் கீழே வைத்தார்.

கேட்பவரின் தரப்பையும் விட்டுவிடவில்லை. மேலாண்மை ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளில், நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்த அவருக்குக் கிடைத்த எண்கள் நேர்மாறாக இருந்தன: சிறந்த குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அக்குழுக்கள் தவறுகளை மறைக்காமல் வெளிப்படையாகப் பேசின என்பதே காரணமாக இருக்கலாம் என்று அவர் கண்டறிந்தார். தவறையோ ஐயத்தையோ குழுவில் அச்சமின்றிச் சொல்லலாம் என்ற உணர்வை ‘உளவியல் பாதுகாப்பு’ என்ற கருத்தாக முன்வைத்து 1999இல் வெளிவந்த அவருடைய ஆய்வுக் கட்டுரைக்கு வித்திட்டது இதுதான். மாதாந்திர அறிக்கையில் எல்லாமே பச்சை நிறத்தில் இருக்கும் குழுவைப் பாராட்டிப் பழகிய மேலாளர்களுக்கு இது அவசியமான அதிர்ச்சி.

உளவியலாளர் கேரி கிளைன் 2007இல் பரவலாக அறிமுகப்படுத்திய ஒரு முறையையும் செய்து பார்த்தோம். திட்டம் தொடங்கும் முன்பே, அது ஓராண்டுக்குப் பிறகு படுதோல்வி அடைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, அதற்கான காரணங்களை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதுவது. “ஏதேனும் சிக்கல் வருமா?” என்று கேட்டால் வாய் திறக்காதவர்கள், “தோற்றுவிட்டது, ஏன்?” என்று கேட்டவுடன் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஐயம் தெரிவிப்பவர் குழுவின் உற்சாகத்தைக் கெடுப்பவர் என்ற பெயரிலிருந்து தப்பிக்க இது வழிசெய்கிறது. செலவில்லாதது, அரை மணி நேரத்தில் முடிவது, மறுநாளே பயன்படுத்தக்கூடியது.

புத்தாக்கப் பயிலரங்குக்கு இந்தத் தரத்தில் பாதி கூட இல்லை. வண்ண ஒட்டுத்தாள்கள், வேகமான இசை, “தவறான யோசனை என்று எதுவுமே இல்லை” என்ற அறிவிப்பு, குழுவாக வட்டமிட்டு நின்று வாய்க்கு வந்ததைச் சொல்வது. விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரப்பிய முறை இது. 1958ஆம் ஆண்டிலேயே யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, தனித்தனியாக யோசித்துப் பின்னர் தொகுத்தால், குழுவாக அமர்ந்து யோசிப்பதை விட அதிக யோசனைகள் கிடைக்கின்றன என்று காட்டிவிட்டார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருப்பதே பெரும் தடை என்று பிற்கால ஆய்வுகள் விளக்கின. தோல்விக் காரணங்களைத் தனித்தனியே எழுதச் சொன்ன அதே பயிற்சி நிறுவனம், யோசனைகளை மட்டும் ஏன் கூட்டமாக நின்று கூவச் சொன்னது என்பது எனக்கு விளங்கவில்லை. அமர்வுகளை வெவ்வேறு ஆட்கள் வடிவமைத்திருக்க வேண்டும்.

அங்கு சொல்லப்பட்ட கதைகள்தான் எனக்கு அதிக மனக்குறையை ஏற்படுத்தின. புகைப்பட பிலிம் நிறுவனமான கோடாக்கின் கதை கட்டாயம் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது. 1975இல் கோடாக்கின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் ஒரு டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார், ஏறத்தாழ 3.6 கிலோ எடை, 0.01 மெகாபிக்சல், ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி. நிர்வாகம் அதை அலட்சியப்படுத்தியது, 2012இல் நிறுவனம் திவாலானது. ஆகவே, புதியவற்றுக்கு மனதைத் திறந்து வையுங்கள். இவ்வளவுதான் பாடம்.

உண்மை இதைவிடச் சிக்கலானது, இதைவிடப் பயனுள்ளதும்கூட. கோடாக் டிஜிட்டல் தொழில்நுட்பத்தில் பெரும் பணத்தை முதலீடு செய்தது. 2005இல் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் முதலிடத்துக்கே வந்தது. ஆனால் பிலிமில் கிடைத்த லாப விகிதம் கேமராவில் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் கைப்பேசிகள் அந்தக் கேமராக்களையும் விழுங்கிவிட்டன. அதே காலத்தில் அதே சரிவைச் சந்தித்த ஃபியூஜிஃபிலிம், பிலிம் தயாரிப்பில் தான் பெற்றிருந்த வேதியியல் அறிவைத் திரைகளுக்கான மென்படலங்கள், மருத்துவம், அழகுசாதனம் ஆகிய துறைகளுக்குத் திருப்பியது. இரண்டு நிறுவனங்களுக்கும் உள்ள வேறுபாடு, பொறியாளர்களிடம் யோசனை இருந்ததா இல்லையா என்பதில் இல்லை. முதலீட்டை எங்கிருந்து எடுத்து எங்கே போடுவது என்று மேல்மட்டம் எடுத்த முடிவுகளில் இருக்கிறது. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு இடைநிலை மேலாளர்களிடம் மனதைத் திறந்து வைக்கச் சொல்வது, நோய் ஒருவருக்கும் மருந்து வேறொருவருக்கும் கொடுப்பதாகும்.

ஒட்டுத்தாளை உருவாக்கிய அமெரிக்க நிறுவனமான 3எம்மின் கதையும் இதேபோல் பாதியாகவே சொல்லப்பட்டது. ஊழியர்கள் தம் நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த முயற்சிகளுக்குச் செலவிடலாம் என்ற விதி 1948 முதல் அங்கே இருக்கிறது, அதனால் ஒட்டுத்தாள் பிறந்தது என்றார்கள். (அப்போது சுவர் முழுக்க நாங்கள் ஒட்டி வைத்திருந்தவையும் அந்தத் தாள்கள்தாம்.) ஸ்பென்சர் சில்வர் அந்த வலுக்குறைந்த பசையைக் கண்டுபிடித்தது 1968இல். அதற்கு ஒரு பயனை ஆர்ட் ஃபிரை கண்டது 1974இல். 1977இல் நான்கு நகரங்களில் நடந்த சோதனை விற்பனை சோபிக்கவில்லை. மறு ஆண்டு அமெரிக்காவின் பாய்சி நகரில் தாள்களை இலவசமாகக் கொடுத்துப் பார்த்த பிறகே வரவேற்பு தெரிந்தது. 1980இல்தான் நாடு தழுவிய விற்பனை. பன்னிரண்டு ஆண்டுகள். சோதனை விற்பனை சரியாகப் போகாத பிறகும் அதைக் கைவிடாமல் இன்னொரு முறை பணம் ஒதுக்க ஒருவர் சம்மதித்திருக்கிறார் அல்லவா, அந்தச் சம்மதம் எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் நாங்கள் கற்றிருக்க வேண்டும். அதேபோல், எந்த முயற்சியை எப்போது நிறுத்துவது என்பது பற்றிப் பயிலரங்கில் ஒரு சொல் கூட இல்லை. இருப்பதைச் செம்மைப்படுத்துவதும் புதியதைத் தேடுவதும் ஒரே வளத்துக்குப் போட்டியிடுகின்றன என்று மேலாண்மை அறிஞர் ஜேம்ஸ் மார்ச் 1991இல் எழுதினார். பழையதில் ஒன்றை நிறுத்தாமல் புதியதற்கு ஆளும் நேரமும் கிடைக்காது என்பது எந்த மேலாளருக்கும் அனுபவத்தில் தெரிந்ததே. யோசனைக்கு எங்களிடம் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை.

குழு புராஜெக்டில் இது கண்கூடாகத் தெரிந்தது. எங்கள் குழு, சிறிய கொள்முதல்களுக்கான ஒப்புதல் நடைமுறையைச் சுருக்குவது என்ற தலைப்பை எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு ஒப்புதல் படிவத்தை எடுத்து, அது மேசை மேசையாகப் போன பாதையைப் பின்தொடர்ந்தோம். அதில் இருந்த கையொப்பங்களில் ஒன்று, வேறொரு பிரிவுடன் எப்போதோ இணைக்கப்பட்டுவிட்ட பிரிவுக்கு உரியது. அந்தப் பிரிவு மறைந்த பிறகும் கட்டம் படிவத்திலேயே தங்கிவிட, ஏன் என்று கேட்காமல் ஒருவர் தொடர்ந்து கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். அதை நீக்கினாலே பல நாள் தாமதம் குறையும் என்று காட்டினோம். இறுதி அமர்வில் மேல்மட்டத்தினர் ஆர்வமாகக் கேட்டார்கள், கைதட்டினார்கள், “அருமையான வேலை, முன்னெடுத்துச் செல்லுங்கள்” என்றார்கள். யார் முன்னெடுப்பது, எந்தத் தேதிக்குள், எந்த அதிகாரத்தில் என்று எவரும் சொல்லவில்லை. அந்தப் படிவம் இன்றும் அதே கட்டங்களுடன்தான் சுற்றுகிறது. பயிற்சி நிறுவனத்தின் அறிக்கையிலோ எங்கள் புராஜெக்ட் ‘வெற்றிகரமாக நிறைவுற்றது’ என்று பதிவாகியிருக்கிறது.

பயிற்சி பெற்ற மேலாளரைப் பழைய அமைப்புக்குள்ளேயே திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு வாகனத் துறையில் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் ஃபிரிமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய தொழிற்சாலையை, டொயோட்டாவும் அந்நிறுவனமும் கூட்டாக 1984இல் மீண்டும் திறந்தன. பழைய தொழிலாளர்களில் பெரும்பான்மையினரே மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். தரம் குறைவு, வேலைக்கு வராமை என்று கெட்ட பெயர் எடுத்திருந்த அதே தொழிலாளர்கள், டொயோட்டாவின் முறையில் நல்ல தரமான கார்களைத் தயாரித்துக் காட்டினார்கள். குறை கண்ட எவரும் உற்பத்தி வரிசையை ஒட்டித் தொங்கும் எச்சரிக்கைக் கயிற்றை இழுக்கலாம். இழுத்தவுடன் குழுத் தலைவர் அவ்விடத்துக்கு வந்தாக வேண்டும். கார் அந்த வேலைக் கட்டத்தைத் தாண்டுவதற்குள் சரிசெய்ய முடியாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் மேலாளர்களை அங்கே அனுப்பிக் கற்கவைத்தது. கற்றுத் தேர்ந்து பழைய தொழிற்சாலைகளுக்குத் திரும்பியவர்களால் நீண்ட காலத்துக்கு அங்கே பெரிதாக எதையும் மாற்ற முடியவில்லை. வரிசையை நிறுத்துவது அங்கே இன்னமும் குற்றமாகவே கருதப்பட்டது. கற்றவர்களிடம் குறை இல்லை. கயிற்றை இழுத்தால் ஓடிவர வேண்டியவர்கள் எதையும் கற்கவில்லை.

எங்கள் பயிற்சியில் கயிற்றின் கதை, “எவர் வேண்டுமானாலும் நிறுத்தலாம்” என்ற முதல் பாதியோடு நின்றுவிட்டது. துறைத் தலைவர்கள் தொடக்க நாளில் வந்து, மாற்றத்தின் அவசியம் பற்றி உரையாற்றிவிட்டுத் தேநீர் இடைவேளைக்குள் கிளம்பிவிட்டார்கள். பின்னர் என் சக மேலாளர் ஒருவர், நடிப்புப் பயிற்சியில் கற்ற அதே வடிவத்தில், உண்மையான கூட்டமொன்றில் தாமதத்தைச் சொல்லத் தொடங்கினார். இரண்டாவது வாக்கியத்திலேயே “தீர்வு என்ன, அதைச் சொல்லுங்க” என்று இடைமறிக்கப்பட்டார். இடைமறித்தவர் மீது கோபப்பட வழியில்லை; ஒரு மணி நேரம் அந்த வாக்கியத்தை அலசிய அறையில் அவர் இருக்கவில்லை.

மதிப்பீட்டு முறையைப் பற்றிப் பயிற்சி நிறுவனம் வாயே திறக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். ஒத்துழைப்பு, அறிவைப் பகிர்தல் என்று வகுப்பில் பேசுகிறோம். ஆண்டு இறுதி அப்ரைசலில் ஒவ்வொரு குழுவிலும் குறிப்பிட்ட விழுக்காட்டினரைக் கடைசி நிலையில் நிறுத்தியே ஆக வேண்டும். இவ்வகைத் தரவரிசையை மைக்ரோசாஃப்ட் 2013இல் கைவிட்டபோது சொன்ன நோக்கங்களில் குழுக்களிடையே ஒத்துழைப்பை வளர்ப்பதும் ஒன்று. நான் இதை வகுப்பில் எழுப்பியபோது, “அது மனிதவளத் துறையின் கொள்கை, எங்கள் வரம்புக்குள் வராது” என்று பயிற்றுநர் கண்ணியமாக நழுவினார். ஒப்பந்தப்படி அவர் சொன்னது சரியே.

சேவையின் வெற்றியை அவர்கள் அளந்த முறையிலும் இதே வரம்பு தெரிகிறது. பயிற்சியின் பயனை நான்கு படிகளில் பார்க்க வேண்டும் என்று பயிற்சி மதிப்பீட்டு அறிஞர் டொனால்ட் கர்க்பாட்ரிக் 1959இலேயே எழுதினார்: பங்கேற்றவருக்குப் பிடித்ததா, எதையாவது கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்கு விளைவு கிடைத்ததா. எங்களிடம் ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் நிரப்பச் சொன்ன படிவம் முதல் படியைத் தாண்டவில்லை. பயிற்றுநரின் பேச்சு எப்படி, அரங்கின் வசதி எப்படி, நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா. புத்தாக்கப் பயிலரங்குதான் அதில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றதாக அறிந்தேன். இசையும் விளையாட்டும் இருந்தால் பெறத்தான் செய்யும். நடிப்புப் பயிற்சி அதைவிடக் குறைவாகவே பெற்றது, ஏனெனில் அதில் பலரும் நெளிந்தார்கள். இந்த எண்களை வைத்து அடுத்த தொகுப்பைத் திருத்தினால் நல்லது குறைந்து வேடிக்கை கூடும்.

இணையவழிப் பாடத் தளமும் தொகுப்பில் சேர்த்தி. சிறு காணொலிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் விடையை ஊகித்துவிடக்கூடிய கேள்விகள், முடித்தால் ஒரு சான்றிதழ். ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம், பலரும் அதைத்தான் செய்தார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். ஆளுமைச் சோதனை, புத்தாக்கப் பயிலரங்கு, இணையப் பாடங்கள் ஆகியவற்றை ஒப்பந்தத்திலிருந்து நீக்கச் சொல்லுங்கள். கசப்பான செய்தி பற்றிய அமர்வுகளையும் தனிப்பட்ட வழிகாட்டியையும் மட்டும் கேளுங்கள். அந்த அமர்வுகளில் மேலாளர்களும் அவர்களுடைய துறைத் தலைவர்களும் ஒரே அறையில் உட்கார வேண்டும் என்பதை நிபந்தனையாக வையுங்கள். துறைத் தலைவரின் பாத்திரத்தைப் பயிற்றுநர் நடிக்காமல் அவரே ஏற்கட்டும். புராஜெக்டைத் தொடங்கும் முன்பே, அதன் முடிவை நிறைவேற்றும் அதிகாரம் உள்ள ஒருவரின் பெயரை எழுத்தில் பெறுங்கள். பெயர் கிடைக்காவிட்டால் புராஜெக்டே வேண்டாம். ஆறு மாதம் கழித்து, பங்கேற்றவர்களை விட்டுவிட்டு அவர்களுக்குக் கீழே பணிபுரிவோரிடம் வந்து என்ன மாறியிருக்கிறது என்று கேட்க முடியுமா என்றும் விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டுப் பாருங்கள். அவர் தயங்கினால், வேறு நிறுவனத்தையும் விசாரிக்கலாம்.

எங்கள் மனிதவளத் துறை அடுத்த அணிக்கான பேச்சுவார்த்தையில் இருக்கிறது. இதே பரிந்துரைகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். துறைத் தலைவர்களையும் சேர்த்துப் பயிற்சியளிக்கப் பயிற்சி நிறுவனம் உடனே ஒப்புக்கொண்டது. ஆனால் அவர்களின் நேரத்தைக் கருதி, அவர்களுக்கென்று தனியாக அரை நாள் சுருக்கப் பதிப்பு ஒன்றை வடிவமைத்துத் தருவதாகவும், அதில் நடிப்புப் பயிற்சி இடம்பெறாது என்றும் தெரிவித்திருக்கிறது. அந்தப் பதிப்பை வாங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.